கடலை டப்பா

எங்கள் சமையலறை அலமாரியின் நடுத்தட்டில் நொறுக்குத் தீனி இருக்கும். வீட்டில் மூன்று பேர், தட்டில் மூன்று பேருக்கும் தனித்தனி எல்லை. என் மனைவிக்குச் சாக்லேட். அவள் அதைத் தன் எல்லையில் வைக்காமல் கீழ்த்தட்டில் சலவைத்தூள் பாக்கெட்டுக்குப் பின்னால் ஒளித்து வைப்பாள், எனக்குத் தெரியாது என்கிற நம்பிக்கையில். எனக்கு மெத்தென்ற கேக். ஊருக்கெல்லாம் பல் செட் செய்து கொடுக்கிற எனக்குக் கடைவாய்ப் பல் ஒன்று ஆறு வருடமாகச் சொத்தை. அதைப் பிடுங்க நாற்காலியில் உட்காரப் பயந்துகொண்டு கேக் தின்று காலத்தை ஓட்டுகிறேன். மூன்றாவது, மாமாவின் கடலை டப்பா. இந்தக் கதை அந்த டப்பாவைப் பற்றியது.

மாமா என்றால் என் மனைவியின் அப்பா. முப்பத்தொரு வருடம் பஸ் ஓட்டியவர். மத்தியானச் சாப்பாட்டுக்குப் பிறகு ஸ்டியரிங்கில் உட்கார்ந்தால் யாருக்கும் கண்ணைச் சொக்கும். மாமா அதற்கு ஒரு வழி வைத்திருந்தார். சட்டைப்பையில் ஒரு பிடி வறுத்த கடலை. ஒவ்வொன்றாக வாயில் போட்டுக் கடித்தால், அந்தச் சத்தத்துக்கே தூக்கம் ஓடிவிடுமாம். ஒரு நாள்கூட அவர் வண்டி எதிலும் இடித்ததில்லை. அந்தப் பெருமையில் பாதியைக் கடலைக்குக் கொடுத்துவிடுவார். ஆனால் வேலையிலிருந்து ஓய்வு பெறும்போது அவருக்குப் பாதிப் பற்கள்தான் இருந்தன. அடுத்த சில வருடங்களில் மீதியும் விடைபெற்றுக்கொண்டன. அதற்கப்புறம் கடலையை வாயில் அடக்கி உப்பை மட்டும் சப்பிவிட்டு, யாரும் பார்க்காதபோது துப்பிவிடுவார்.

நான் பல் டாக்டரம்மாவின் கிளினிக்கில் பின்னறை ஆள். முன்னறையில் அவர் வாய்களைப் பார்ப்பார். பின்னறையில் நான் அந்த வாய்களின் பிளாஸ்டர் அச்சுகளைப் பார்ப்பேன். மெழுகு, பிளாஸ்டர், சின்னக் கத்தி, மெழுகு உருக்க ஒரு பன்சன் அடுப்பு, ஜன்னலோரம் ஒரு ஸ்டூல். பதினேழு வருடமாக அதுதான் என் ராஜ்ஜியம். எனக்குப் பழக்கமானவர்கள் தெருவில் எதிரே வந்தால் அடையாளம் தெரியாது. கொட்டாவி விட்டால் தெரியும். கோபம் எனக்கு மூக்கின் மேல் இருக்கும் என்று என் மனைவி சொல்வாள். அவள் மூக்குக் கண்ணாடி விற்கிற கடையில் வேலை பார்ப்பவள், மூக்கின் மேல் என்ன இருக்கிறது என்பது அவளுக்குத் தெரியாமல் யாருக்குத் தெரியும்.

இரண்டு வருடத்துக்கு முன்னால் ஒரு மழை நாளில் ஸ்கூட்டரோடு சறுக்கி விழுந்து என் வலது மணிக்கட்டை ஒடித்துக்கொண்டேன். கைதான் என் பிழைப்பு. அத்தை போய்ச் சேர்ந்து தனியாக இருந்த மாமா, செய்தி தெரிந்த மறுநாளே ஒரு பெட்டியோடு வாசலில் வந்து நின்றார். நான்கு மாதம் எனக்குச் சட்டைப் பொத்தான் போட்டுவிட்டவர் அவர். அதைவிடப் பெரிய காரியம், தினமும் என்னோடு கிளினிக்குக்கு வந்தது. நான் ஸ்டூலில் உட்கார்ந்து உத்தரவு போடுவேன், அவர் பிளாஸ்டர் கலக்குவார், மெழுகு உருக்குவார், அச்சை அறுப்பார். பஸ்ஸைச் சந்துக்குள் திருப்பிய கைகள் ஒரு பல்லின் விளிம்பை அரம் போட்டுத் தேய்க்கப் பழகின. தண்ணீர் கூடிவிட்டது, காற்றுக்குமிழ் விழுந்துவிட்டது என்று நான் கத்தாத நாளில்லை. "சரி மாப்பிள்ளை" என்பதைத் தவிர அவர் வேறொன்றும் சொன்னதில்லை. டாக்டரம்மா எனக்குப் பதிலாக வேறு ஆள் தேடாமல் இருந்தார் என்றால் அது முழுக்க அவரால்தான்.

கட்டுப் பிரித்த பிறகு கை பழையபடி வளையுமா என்று எனக்குள் ஒரே பயம். எலும்பு டாக்டர் வளையும் என்றார். கை அதை நம்பவில்லை. பென்சில் பிடித்தாலே நடுங்கியது. ஒரு வழியாக நடுக்கம் அடங்கியதும் மாமாவிடம் சொன்னேன், இந்தக் கை செய்யப்போகிற முதல் வேலை உங்களுக்குத்தான் என்று. வாய் நிறையப் பல், மேலும் கீழும் முழு செட். அவர் அன்றைக்குச் சாப்பிடாமலே எழுந்து போய்ப் பின்கட்டில் கொஞ்ச நேரம் நின்றார்.

என் தொழிலில் நான் பிடிவாதமாக வைத்திருந்த ஒரே ஒழுங்கு, நோயாளி நாற்காலியில் இருக்கும்போது முன்னறைக்குப் போவதில்லை என்பது. மாமாவுக்காக அதை மீறினேன். பல் கட்டுவதில் முக்கியமான நாள், கடி எடுக்கும் நாள். மேலே ஒரு மெழுகு வளையம், கீழே ஒரு மெழுகு வளையம் வாய்க்குள் வைத்து நோயாளியைக் கடிக்கச் சொல்வார்கள். தாடை எந்த இடத்தில் இயல்பாக மூடுகிறதோ அந்த இடத்தில்தான் பல் வரிசைகள் சந்திக்க வேண்டும். கொஞ்சம் பிசகினால் எல்லாம் பிசகும். அன்றைக்கு நாற்காலிக்கு எதிரே கைகளைக் கட்டிக்கொண்டு நின்றேன். மெழுகில் பல்லை வைத்துப் போட்டுப் பார்த்த நாளிலும் அதே இடத்தில் நின்றேன். மாமா என்னைப் பார்த்தபடியே கடித்தார். டாக்டரம்மா சரி என்றார். நானும் சரி என்றேன்.

பல் செட் வாய்க்குள் போனதும் மாமாவுக்குப் பத்து வயது குறைந்துவிட்டது. கண்ணாடியில் பார்த்துக்கொண்டு, "அருமையா இருக்கு மாப்பிள்ளை" என்றார். எனக்குத் தலைகால் புரியவில்லை. அன்று மாலையே கடைத்தெருவுக்குப் போய், பெரிய மஞ்சள் பூப்போட்ட தகர டப்பா ஒன்றும் கால் கிலோ வறுத்த கடலையும் வாங்கி வந்து நொறுக்குத் தட்டில் வைத்தேன். அதன் மூடி கொஞ்சம் ஆடும். படத்தைப் பார்த்து வாங்கியதை மூடியைப் பார்த்து வாங்கியிருக்க வேண்டும். எங்கள் வீட்டில் அதைத் திறக்கிறவர் அவர் ஒருவர்தான். மனைவிக்குக் கடலை என்றாலே நெஞ்செரிச்சல், என் கதையைத்தான் சொல்லிவிட்டேனே.

ஒவ்வொரு சனிக்கிழமையும் டப்பா காலியாகியிருக்கும். நான் மறுபடி நிரப்புவேன். காலி டப்பாவைப் போல எனக்கு ஒரு சர்டிபிகேட்டை எவனும் கொடுத்ததில்லை. வீட்டுக்கு யார் வந்தாலும் சும்மா விடமாட்டேன். மாமா, ஒண்ணு கடிச்சுக் காட்டுங்க என்பேன். அவர் இரண்டு கடலையை வாயில் போட்டு, தாடையை ஆட்டி, வந்தவர்களையும் என்னையும் பார்த்துச் சிரிப்பார். பிறகு ஏதோ வேலை இருப்பதுபோலப் பின்கட்டுக்குப் போய்விடுவார். வந்தவர்கள் என் கையைப் பாராட்டிவிட்டுப் போவார்கள். இப்போது அதை நினைத்தால் எனக்கே என்னை இரண்டு அறை அறையத் தோன்றுகிறது.

அவர் இளைப்பதை முதலில் கவனித்தவள் என் மனைவி. மாமாவின் பெல்ட்டில் ஆணியால் குத்திய புது ஓட்டை ஒன்று தெரிந்தது. பிறகு இரண்டாவது. ஏழாவது மாதத்தில் மூன்றாவது. எடை பார்த்தால் ஒன்பது கிலோ குறைந்திருந்தது. நாங்கள் இருவரும் காலையில் வேலைக்குப் போனால் மாலையில்தான் வருவோம்; மத்தியானம் நன்றாகச் சாப்பிட்டேன், ராத்திரிக்குப் பாலில் ஊறின ரொட்டி போதும் என்பார். பொது மருத்துவரிடம் கூட்டிப் போனோம். சாப்பாடெல்லாம் எப்படி என்று அவர் கேட்டதும் நான்தான் முந்திக்கொண்டு பதில் சொன்னேன். வாரம் கால் கிலோ கடலை உள்ளே போகிறது டாக்டர், சாப்பாட்டில் ஒரு குறையும் இல்லை.

அந்தப் பதில்தான் எங்களைக் கவிழ்த்தது. நன்றாகச் சாப்பிடுகிற ஆள் இப்படி இளைத்தால் அது வேறு விஷயம் என்று மருத்துவர் கண்ணாடியைக் கழற்றி மேசைமேல் வைத்தார். ரத்தம் எடுத்தார்கள். வயிற்றுக்குள் குழாய் விட்டுப் பார்க்க வேண்டும் என்று அடுத்த வாரம் வியாழக்கிழமைக்கு எழுதிக் கொடுத்தார். எதைத் தேடுகிறார் என்று அவர் சொல்லவில்லை, நாங்கள் கேட்கவுமில்லை. அன்றைக்கு வீட்டுக்கு வந்ததும் என் மனைவி குளியலறையில் குழாயைத் திறந்துவிட்டு அரை மணி நேரம் இருந்தாள். வெளியே வந்தபோது முகம் நனைந்திருந்தது, தலை நனையவில்லை. மாமா அலமாரியைத் திறந்து சலவைத்தூளுக்குப் பின்னால் கையை விட்டு, ஒரு துண்டுச் சாக்லேட் எடுத்து அவள் கையில் வைத்தார். அந்த ஒளிவிடம் அவருக்கும் தெரிந்திருந்தது.

ஞாயிற்றுக்கிழமை காலை மாமா குளிக்கப் போயிருந்தார். பல் செட் கழுவுவதற்காகக் கிண்ணத்தில் கிடந்தது. தொழில் பழக்கம், கை தானாக எடுத்துவிட்டது. ஜன்னல் வெளிச்சத்தில் திருப்பினேன். முன்பற்கள் சரி. கடைவாய்ப் பற்களுக்கு வந்ததும் இன்னும் வெளிச்சத்துக்குப் பக்கத்தில் கொண்டுபோனேன்.

எட்டு மாதம் மென்ற பல்லுக்கு ஒரு அடையாளம் உண்டு. மேடுகள் மழுங்கியிருக்கும், மேலும் கீழும் உரசும் இடங்கள் பளபளக்கும். கடலை கடிக்கிறவர் பல் என்றால் சொல்லவே வேண்டாம். மாமாவின் கடைவாய்ப் பற்கள் நான் மெருகேற்றிக் கொடுத்த அன்றைக்கு இருந்தபடியே இருந்தன, பெட்டியை விட்டு எடுக்காத புதுச் செருப்பு மாதிரி. அந்தப் பற்கள் எதையும் மென்றதே இல்லை.

முதலில் எனக்கு வந்தது கோபம். எட்டு மாதமாக என்னை ஏமாற்றினாரா? அது ஒரு நிமிடம்தான். அடுத்து வந்தது பயம், அது என் வலது கையைப் பற்றியது. ஒடிந்த கை செய்த வேலை, அப்படியானால் கை போய்விட்டது. செட்டைக் கிண்ணத்தில் போடும்போது விரல்கள் பழையபடி நடுங்கின. மனைவியிடம்கூடச் சொல்லவில்லை.

ஆனால் கடலை? டப்பா காலியாகிறதே, அது எங்கே போகிறது? மறுநாள் வேலைக்குக் கிளம்புவதுபோலக் கிளம்பித் தெருமுனைக் கடையில் காத்திருந்தேன். பத்து மணிக்கு மாமா வந்தார். இஸ்திரி போட்ட சட்டை, பை உப்பியிருந்தது. மெதுவாக நடந்து பஸ் டிப்போவுக்குப் போனார். எதிரே நிறுத்தியிருந்த ஒரு வண்டியின் மறைவில் நின்று பார்த்தேன். மதிய ஷிப்ட்டுக்கு வந்த டிரைவர்கள் ஒவ்வொருவராக அவரிடம் வந்து உள்ளங்கையை நீட்டினார்கள். அவர் ஒரு பிடி ஒரு பிடியாகக் கொடுத்தார். தூக்கம் வந்தால் ஒவ்வொன்றாகக் கடி, ஒரே வாயில் போட்டுக்கொள்ளாதே என்று ஒவ்வொருவருக்கும் சொல்லிக்கொண்டிருந்தார். ஒருவர் ஏதோ கேட்டதற்கு, "எங்க மாப்பிள்ளை வாரா வாரம் வாங்கிட்டு வர்றார்ப்பா" என்றார். அந்தக் குரலில் இருந்த பெருமையைக் கேட்டபிறகு அங்கே நிற்க முடியவில்லை.

நேராகக் கிளினிக்குக்குப் போய் டாக்டரம்மாவிடம் கொட்டித் தீர்த்தேன். கை போய்விட்டது டாக்டர், வேறு ஆளைப் பார்த்துக்கொள்ளுங்கள் என்றும் சொல்லிவிட்டேன். அவர் என்னைத் திட்டவில்லை, தேற்றவுமில்லை. மாமாவின் பழைய அச்சுகளை அலமாரியிலிருந்து எடுத்துவரச் சொன்னார். இரண்டையும் கையில் வைத்து மூடித் திறந்து பார்த்தார். ஒரு குறையும் இல்லை, வேலை சுத்தமாக இருக்கிறது என்றார். பிறகு அச்சைக் கீழே வைத்துவிட்டு யோசித்தார்.

"கடி எடுத்த அன்னிக்கு நீ எங்க நின்னே?"

எதிரே நின்றேன் என்றேன்.

"அவர் உன்னைப் பார்த்து என்ன பண்ணினார்?"

சொல்ல ஆரம்பித்தவன் பாதியில் நிறுத்திவிட்டேன். அவர் என்னைப் பார்த்துச் சிரித்தார். எப்போதும் சிரிக்கிற மாதிரி, மாப்பிள்ளை எதிரே வந்தால் கழுத்தை நீட்டி, கீழ்த்தாடையைக் கொஞ்சம் முன்னால் தள்ளி, மரியாதையாக ஒரு சிரிப்பு. அந்தச் சிரிப்போடுதான் மெழுகைக் கடித்திருந்தார். மெழுகில் பல் வைத்துப் பார்த்த நாளிலும் அப்படியே. அந்த இடத்தில்தான் நான் இருபத்தெட்டுப் பற்களையும் அச்சுப் பிசகாமல் சேர்த்திருந்தேன். என்னைப் பார்த்துச் சிரிக்கும்போது மட்டும் பொருந்துகிற ஒரு பல் செட். தனியாக உட்கார்ந்து சாப்பிடுகையில் தாடை தன் இடத்துக்குத் திரும்பிவிடும், ஒரு பல்லும் இன்னொன்றைத் தொடாது. டாக்டரம்மா தலையில் கை வைத்துக்கொண்டார். தானும் கவனிக்கவில்லை, தப்பில் பாதி தன்னுடையது என்றார். பாதியை அவர் எடுத்துக்கொண்டதற்கு நான் இன்றுவரை கடமைப்பட்டிருக்கிறேன்.

அன்று மாலை மனைவியிடம் எல்லாவற்றையும் சொன்னேன். அவள் முதலில் நம்பவில்லை. பிறகு அப்பா பட்டினியா கிடந்தார் என்று அழுதாள். பிறகு அப்படியானால் வயிற்றில் ஒன்றும் இல்லை, இல்லையா என்று கேட்டு இன்னும் அழுதாள். இருவருமாக மாமாவின் அறைக்குப் போனோம். அவர் கட்டிலில் உட்கார்ந்து சட்டைக்குப் பொத்தான் தைத்துக்கொண்டிருந்தார். எங்களைப் பார்த்ததும் எழுந்து, கழுத்தை நீட்டி, அதே சிரிப்பு. பற்கள் அழகாகப் பொருந்தின. நான் நேராகவே கேட்டேன், பல் சரியில்லை என்று ஏன் சொல்லவில்லை என்று. அவர் சேச்சே, அருமையா இருக்கே என்றார். டிப்போவுக்கு வந்தேன் மாமா, பார்த்தேன் என்றேன். அவர் ஊசியைக் கீழே வைத்தார்.

"எப்படி மாப்பிள்ளை சொல்றது? அந்தக் கை செஞ்ச முதல் வேலை. பல்லு சரியில்லைன்னா, கை சரியாகலைன்னு நெனச்சுக்குவீங்க. அப்புறம் அந்த ஸ்டூல்ல உட்காரவே பயந்துருவீங்க. எனக்கென்ன, பால்ல ரொட்டி இறங்குது."

நேற்றுக் காலை ஜன்னலருகில் நான் சரியாக அதைத்தானே நினைத்தேன்? என் கோபம் தெரியும், என் பயமும் தெரியும் அவருக்கு. எட்டு மாதப் பசியை ஒரு சிரிப்புக்குப் பின்னால் வைத்துக்கொண்டு என் கையைக் காப்பாற்றியிருக்கிறார். அந்த எட்டு மாதத்தில் இருபது செட்டுக்கு மேல் செய்துவிட்டேன், ஒன்றுகூடத் திரும்பி வரவில்லை. அவர் அன்றைக்கே வாயைத் திறந்திருந்தால் அந்த இருபதும் இல்லை. அவர் காலைத் தொடலாமா என்றுகூட நினைத்தேன். அவர் பதறிப்போவார் என்பதால் பக்கத்தில் உட்கார்ந்து பாதி தைத்த சட்டையை வாங்கிக்கொண்டேன். பிழை கையில் இல்லை மாமா, நான் நின்ற இடத்தில் என்று விளக்கிச் சொன்னேன். முதலில் அவருக்குப் புரியவில்லை, புரிந்ததும் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார்.

பொது மருத்துவர் முழுவதையும் கேட்டார். குழாய்ப் பரிசோதனையை மூன்று வாரம் தள்ளி வைக்கலாம், அதற்குள் எடை ஏறினால் பார்ப்போம், ஏறாவிட்டால் ஒரு நாள்கூடத் தாமதிக்கக் கூடாது என்று கண்டிப்பாகச் சொன்னார். ஆகவே பயம் தீரவில்லை, அதற்கு ஒரு தேதி குறித்தாகிவிட்டது, அவ்வளவுதான்.

இந்த முறை மாமா நாற்காலியில் உட்கார்ந்ததும் டாக்டரம்மா என்னைத் தெருவுக்கே அனுப்பிவிட்டார். எதிர்ச்சாரியில் நின்று டீ குடித்தேன், இரண்டு டீ. பிறகு டாக்டரம்மா சொல்லித் தெரிந்துகொண்டேன். நாக்கு நுனியை மேலண்ணத்தின் பின்னால் மடக்கி எச்சில் விழுங்கச் சொல்லியிருக்கிறார். அப்போதும் மாமா கதவைப் பார்த்துச் சிரித்துக்கொண்டே இருந்தாராம், நான் அங்கே இருப்பேன் என்று. உடனே டாக்டரம்மா மெழுகை வெளியே எடுத்துவிட்டு, நீங்கள் ஓட்டிய தடத்தில் எந்தெந்த ஸ்டாப் வரும் என்று கேட்டிருக்கிறார். மாமா ஆரம்பித்தாராம். தண்ணீர்த் தொட்டி, மில் வாசல், பெரிய பாலம், பள்ளிக்கூடம். பாலத்துத் திருப்பத்தில் எப்படி வண்டியை ஒடிப்பது என்று கையால் காட்டியிருக்கிறார். பதினான்காவது ஸ்டாப்பில் என்னை மறந்தே போனார். அப்போது மெழுகை வைத்துக் கடி எடுத்திருக்கிறார்கள். பழைய கடிக்கும் இதற்கும் ஒரு விரல்நகம் அகலம் வித்தியாசம் இருந்தது.

ஐந்து நாள் வேறு எந்த வேலையையும் தொடவில்லை. கை ஒரு தடவைகூட நடுங்கவில்லை. சனிக்கிழமை புது செட் மாமா வாய்க்குள் போயிற்று. வீட்டுக்கு வந்து, மூவரும் சமையலறையில் நின்றோம். எப்படி இருக்கிறது என்று என் மனைவி கேட்டாள்.

"அருமையா இருக்கு" என்றார் மாமா.

நானும் அவளும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டோம். எட்டு மாதத்துக்கு முன்னால் கேட்ட அதே வார்த்தை, அதே சிரிப்பு. இந்த மனிதரிடம் உண்மையை எப்படி வாங்குவது? சாப்பாட்டு மேசையில் பக்கத்தில் உட்கார்ந்து வாயையே பார்த்தால் மனிதர் மெல்லுவாரா, மரியாதை காட்டுவாரா? மூன்று வாரத்தில் நாலைந்து நாள் போய்விட்டது, மீதியும் போனால் எடை மெஷின் சொல்லிவிடும். அது எந்தப் பக்கம் சொல்லும் என்று நினைத்து இரண்டு பேரும் ஒழுங்காகச் சாப்பிடவில்லை.

ஞாயிறு மத்தியானம் நான் முன்னறையில் பேப்பரை விரித்து வைத்துக்கொண்டு படிக்காமல் உட்கார்ந்திருந்தேன். சமையலறையில் மாமா நடக்கிற சத்தம். அலமாரிக் கதவு. டப்பாவின் மூடி ஆடித் திறக்கிற சத்தம். என் மனைவி கண்ணாடி துடைக்கிற துணியோடு வாசலில் அப்படியே நின்றுவிட்டாள். காதைத் தீட்டிக்கொண்டு காத்திருந்தோம். கடக் என்று ஒரே ஒரு சத்தம் கேட்டால் போதும், முப்பத்தொரு வருடம் ஒரு பஸ்ஸை விழிக்கவைத்த சத்தம்.

ஒன்றும் கேட்கவில்லை. ஒரு நிமிடம் போனது. இன்னொன்றும் போனது. நான் பேப்பரை மடித்தேன். பார்க்கப் பயந்து மனைவி தரையைப் பார்த்துக்கொண்டிருந்தாள். மறுபடியும் தோற்றுவிட்டேன் என்றுதான் நினைத்தேன்.

மாமா டப்பாவை இடுப்பில் இடுக்கிக்கொண்டு முன்னறைக்கு வந்தார். முகத்தில் சிரிப்பு இல்லை. எங்கள் வீட்டுக்கு வந்த இரண்டு வருடத்தில் நான் பார்த்திராத முகம். டிக்கெட் எடுக்காதவனைப் பார்க்கிற முகம். வாயில் எதையோ மென்றுகொண்டே இருந்தார், மென்று முடித்து விழுங்கினார்.

"என்ன மாப்பிள்ளை இது, கடலை நமுத்துப்போய்க் கிடக்கு. சவசவன்னு இருக்கு. பார்த்து வாங்கக் கூடாதா?"

எனக்கு அது புரிய ஒரு கணம் ஆயிற்று. நமுத்த கடலை சத்தம் போடாது. நமுத்திருக்கிறது என்று பல்லால் கடித்தவருக்குத்தான் தெரியும்.

என் மனைவி துணியை முகத்தில் வைத்துக்கொண்டு சுவரில் சாய்ந்துவிட்டாள். சிரிக்கிறாளா அழுகிறாளா என்று எனக்குச் சொல்லத் தெரியவில்லை, இரண்டும்தான். நான் டப்பாவை வாங்கிக்கொண்டு அடுப்படிக்குப் போனேன். வெறும் வாணலியில் கடலையைக் கொட்டிச் சின்னத் தீயில் புரட்டினேன். கண்ணில் நீர் வந்தது, புகை ஒன்றும் இல்லை. நன்றி சொல்ல வேண்டும் என்று ஆறு நாளாக வார்த்தை தேடிக்கொண்டிருந்தேன். நன்றி என்றால் என்ன மாப்பிள்ளை இதெல்லாம் என்பார். அதனால் கடலையைத்தான் வறுத்தேன், ஒன்றுகூடக் கருகாமல்.

தட்டில் ஆறவைத்துக் கொடுத்தேன். மாமா ஒன்றை எடுத்தார். கடக். இன்னொன்று. கடக். மூன்று பேரும் அந்தச் சத்தத்தைக் கேட்டபடி நின்றோம். பாதித் தட்டு காலியான பிறகு அவர் திடீரென்று நிறுத்தினார். மூடி ஆடுகிற டப்பாவையும் தட்டையும் மாறி மாறிப் பார்த்தார். முகத்தில் ஈயாடவில்லை.

"அடப்பாவமே. அந்த டிரைவர் பசங்க எட்டு மாசமா இதையா தின்னாங்க? ஒருத்தன்கூட வாயத் திறக்கலையே."

"உங்க மாதிரிதான் மாமா" என்றேன். அவர் என்னை முறைத்தார். பிறகு பல் தெரியச் சிரித்தார். இந்த முறை தாடை முன்னால் வரவில்லை.

மூன்றாவது வாரம் எடை இரண்டரைக் கிலோ ஏறியிருந்தது. மருத்துவர் குழாய்ப் பரிசோதனைச் சீட்டைக் கிழித்துப் போட்டார். டப்பாவை மாற்றிவிட்டேன், இப்போது இருப்பது திருகு மூடி போட்ட கண்ணாடி ஜாடி, பூவெல்லாம் கிடையாது. சனிக்கிழமை மாலை நான் பொட்டலத்தோடு வரும்போது மாமா வாசலிலேயே நிற்பார். இரண்டு பங்கு வாங்குகிறேன், டிப்போவுக்கும் சேர்த்து. உள்ளே விடுவதற்கு முன் பொட்டலத்தைப் பிரித்து ஒன்றை எடுத்துக் கடித்துப் பார்ப்பார். போன வாரம் உப்பு கம்மி என்றார். அதற்கு முந்தின வாரம் தோல் கசக்கிறது என்றார். எனக்கு மூக்கின் மேல் கோபம் வருகிற ஆள்தான். ஆனாலும் ஒவ்வொரு தடவையும் "சரி மாமா" என்று மட்டும் சொல்லிவிட்டு உள்ளே போகிறேன்.